கிரேன் கூண்டில் ஒரு கண் மருந்து

மேஜை மேல் வைக்கப்பட்ட பொருள் ஒரு கட்டைவிரல் உயரம்கூட இல்லை. வெள்ளைப் பிளாஸ்டிக் குப்பி, பச்சையும் நீலமும் கலந்த மூடி, பாதி கிழிந்த லேபிள். கொண்டுவந்தவள் மட்டும் அதைக் கொலைக் கத்தியைப் பார்ப்பதுபோல் பார்த்தாள்.

"இதுதாங்க என் புருஷனைக் கொன்னது."

ரேடியோவின் நாக்கு நுனியில் ஒரு பதில் வந்து நின்றது. எதிரே இருந்த முகத்தைப் பார்த்து அதை விழுங்கிக்கொண்டான். அவன் வாயை மூடுவது அபூர்வம். அதனால்தான் அந்தப் பெயர். மின்சார மீட்டர் குறித்துக்கொண்டு வீடு வீடாக அலைந்தவனை, ஊர் வாயைக் கிளற இவனை விட்டால் ஆளில்லை என்று வேலைக்குச் சேர்த்துக்கொண்டவர் வக்கீலம்மா. அவர் கறுப்பு கோட்டைக் கழற்றிப் பத்து வருஷம் ஆகிறது. டயர் கடைக்கு மேலே இரண்டு அறை பிடித்து, துப்பறியும் தொழில் செய்கிறார். கோட் போனாலும் பட்டம் போகவில்லை.

"முதல்லேருந்து சொல்லும்மா," என்றார் வக்கீலம்மா.

முதல் என்பது பேப்பரில் நாலு வரியாக வந்த செய்திதான். பதினெட்டு நாளுக்கு முன்னால், இரும்பு யார்டில், கிரேன் தூக்கிவந்த உத்திரத்தின் முனை கீழே நின்று கை காட்டிக்கொண்டிருந்த சிக்னல்காரரின் தலையில் மோதியது. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே உயிர் போய்விட்டது. எதிரே உட்கார்ந்திருப்பவள் அவர் மனைவி. பக்கத்தில் கைகளைத் தொடைமேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவன் அவருடைய தம்பி.

"நான்தாங்க எடுத்தேன்," என்றான் தம்பி. "அதே யார்டுல நானும் சுமை இறக்குறேன். அண்ணன் போன அன்னிக்கே கிரேன் கூண்டுல ஏறிப் பாத்தேன். சீட்டுக்குப் பின்னால ஒரு எவர்சில்வர் டம்ளர். அதுக்குள்ள ஈரத்துணி சுத்தி இது இருந்துச்சு. மருந்துக்கடையில காட்டினா, கண்ணுக்குள்ள பிரஷர் ஏறுற வியாதிக்குப் போடுற சொட்டு மருந்தாம். கவனிக்காம விட்டா பார்வையே போயிடுமாம்."

"கூண்டுல உக்காந்து ஓட்டுறவன் யாரு? கிரேன் டிரைவர்." மனைவி குறுக்கிட்டாள். "கண்ணு தெரியாததை மறைச்சு வேலை பாத்திருக்கான். நாளைக்குக் காலையில பத்து மணிக்குப் போலீஸ்ல கடைசி விசாரணை. மனு எழுதி வச்சிருக்கேன். இந்தக் குப்பி அவனுதுதான்னு நீங்க நிரூபிச்சுக் கொடுத்தா, அவன் உள்ள போவான்."

"டிரைவர் என்ன சொல்றாரு?"

"கேட்ட கேள்விக்கெல்லாம் ஒரே பதில். தப்பு என்னுது. அதுக்கு மேல வாயே திறக்கலை."

"தப்பு என்னுதுன்னு ஒத்துக்கிட்டவரை எதுக்குங்க நிரூபிக்கணும்?" ரேடியோவால் அடக்க முடியவில்லை.

அவள் அவனை நிமிர்ந்து பார்த்தாள். "தப்புன்னா என்ன தப்பு? பன்னெண்டு வருஷம் என் வீட்டு வாசல்ல நின்னு, 'தண்ணி குடு தங்கச்சி'ன்னு வாங்கிக் குடிச்ச மனுஷன். எனக்கு வந்து சொல்லணுமா வேண்டாமா? குருடன் கையில என் புருஷன் உசுரைக் கொடுத்து வச்சிருந்தேன்னு எனக்குத் தெரிய வேண்டாமா?"

வக்கீலம்மா இறந்தவரின் படம் கேட்டார். அவள் கைப்பையிலிருந்து இரண்டை எடுத்து வைத்தாள். ஒன்று வேலைக்குச் சேர்ந்தபோது எடுத்தது. மற்றது போன மாதம் புது அடையாள அட்டைக்காக எடுத்தது.

"அண்ணனுக்கு நல்ல கண்ணு. மை தீட்டின மாதிரி," என்றான் ரேடியோ, ஆறுதலாக ஏதாவது சொல்லவேண்டுமே என்று.

"கடைசி ஒரு வருஷமாத்தான் அப்படி. பொம்பளைப் புள்ள மாதிரி இமை முடி வளந்து கிடக்கேன்னு கிண்டல் பண்ணுவேன்." சொல்லி முடிப்பதற்குள் அவளுக்கு அழுகை வந்துவிட்டது. கொழுந்தன் எழுந்து அவள் முதுகுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டான்.

வக்கீலம்மா குப்பியை எடுத்து வெளிச்சத்தில் திருப்பினார். லேபிளில் பெயர் இருந்த பாதி கிழிந்திருந்தது. மிச்சப் பாதியில் ஒரு கண் ஆஸ்பத்திரியின் முத்திரை. அதன் கீழே பால்பேனாவில் ஒரு தேதி, விபத்துக்கு இரண்டு வாரம் முந்தியது.

"சாயங்காலம் அஞ்சு மணிக்கு ரெண்டு பேரும் வாங்க," என்றார்.

* * *

இரும்பு யார்டின் கேட்டில் இருந்த காவலாளிக்குப் பேச ஆள் கிடைக்காமல் வாய் நமநமத்துக்கொண்டிருந்தது. ரேடியோவைப் பார்த்ததும் இனம் இனத்தை அடையாளம் கண்டுகொண்டது. இரண்டு டீ வருவதற்குள் இருவரும் மாமன் மச்சான் ஆகிவிட்டார்கள். வக்கீலம்மா ஒதுங்கி நின்று அண்ணாந்து பார்த்தார்.

கிரேனின் கண்ணாடிக் கூண்டு நாற்பது படி உயரத்தில் இருந்தது. கீழே சிமென்ட் தரையில் வெள்ளை வட்டம் ஒன்று வரைந்திருந்தார்கள். சிக்னல்காரர் நிற்கும் இடம். லாரி வந்து நிற்கும் பக்கம் பார்த்து அங்கே நின்றால், இடது கைப் பக்கம் கிடங்கு, வலது கைப் பக்கம் கம்பி வேலி. வட்டத்தை யாரோ நன்றாகக் கழுவிவிட்டிருந்தார்கள். வர்ணம்கூடக் கொஞ்சம் உரிந்திருந்தது.

"குடிதாங்க காரணம்," என்றான் காவலாளி, ரகசியம் மாதிரி உரக்க. "இதை விசாரணையிலயே சொல்லிட்டேன். தினம் சாயங்காலம் அஞ்சரைக்கு சிக்னல்காரர் மேல ஏறுவாரு. சிக்னல்காரருக்குக் கூண்டுல என்ன வேலை? நான் இங்கேருந்து பாத்துக்கிட்டே இருப்பேன். சீட்டுல ஒருத்தர் அண்ணாந்து உக்காந்திருப்பாரு. இன்னொருத்தர் நின்னுக்கிட்டு ஊத்தி விடுவாரு."

"வாயில ஊத்தி விடுற அளவுக்கு ராஜ உபசாரமா?"

"அட, அதுக்கப்புறம் கேளுங்க. ஊத்தினதும் மூக்கைப் பிடிச்சுக்குவாரு. ரெண்டு நிமிஷம் அப்படியே இருப்பாரு. மட்டமான சரக்கு, நாத்தம் தாங்காதுல்ல?"

"தினமும் ஒரே வாய்தானா? இன்னொரு ரவுண்டு கிடையாதா?"

காவலாளி யோசித்தான். "கிடையாது. அளவா குடிக்கிற ஆளுங்கதான்."

"சீட்டுல உக்காந்திருந்தது யாரு?" என்று கேட்டார் வக்கீலம்மா.

"டிரைவர் சீட்டுல டிரைவர்தானே உக்காருவாரு?"

"முகம் தெரிஞ்சுதா?"

"கண்ணாடியில வெயில் அடிக்கும். முகம் எங்க தெரியுது? மடியில ஹெல்மெட்டைக் கழட்டி வச்சுக்கிட்டு உக்காந்திருப்பாரு, அது தெரியும்."

வக்கீலம்மா மூக்குக்கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பால் துடைத்தார். ஏதோ ஒன்று மாட்டிவிட்டது என்று ரேடியோவுக்குப் புரிந்தது. என்ன என்று மட்டும் புரியவில்லை. அந்த எரிச்சல் அவனுக்குப் பழகிய ஒன்றுதான்.

"டிரைவர் வேலையில எப்படி?"

"முன்னாடி புலி. ஒரு வருஷத்துக்கு மேலா ஆமை. மத்தவங்க எல்லாம் பாரத்தைத் தூக்கினா கிடங்குப் பக்கமா நேராத் திருப்பி லாரியில இறக்குவாங்க. இவர் மட்டும் வேலிப் பக்கமா ஊரைச் சுத்திக்கிட்டு வருவாரு. மேனேஜர் ரெண்டு மெமோ கொடுத்தாச்சு. கேக்கலையே! கண்ணு தெரியலைன்னா தடவித் தடவித்தானே வரணும்?"

"விபத்து நடந்த அன்னிக்கு எந்தப் பக்கமா வந்தாரு?"

"அன்னிக்கு என்னமோ திருந்திட்டாரு. நேராத்தான் வந்தாரு."

டீ கிளாஸைக் கீழே வைத்த ரேடியோவுக்கு அந்தக் கழுவிய வட்டத்தைப் பார்க்கப் பிடிக்கவில்லை.

* * *

கண் ஆஸ்பத்திரியின் மருந்துப் பிரிவில் ஜன்னலுக்குப் பின்னால் இருந்த அம்மாள் குப்பியைப் பார்த்ததுமே தலையை ஆட்டினார். "எங்க கடையில வாங்கினதுதான். யாருக்குன்னு சொல்ல மாட்டேன்."

"பேர் வேண்டாம்," என்றார் வக்கீலம்மா. "இதை எப்படிப் போடணும்னு மட்டும் சொல்லுங்க."

அந்த அம்மாள் ரேடியோவை உள்ளே கூப்பிட்டு ஸ்டூலில் உட்காரவைத்தார். கண் எரிச்சலுக்குப் போடும் சாதாரணக் குப்பி ஒன்றை எடுத்துக்கொண்டார். "அண்ணாந்து பாருங்க. கீழ் இமையை இப்படி இழுத்தா ஒரு பை மாதிரி வரும். அதுல ஒரே சொட்டு. குப்பி முனை கண்ணுல படக்கூடாது. இப்போ கண்ணை மூடிக்கோங்க. மூக்கோரத்துல கண்ணு முடியிற இடத்தை விரலால அழுத்திக்கோங்க. ரெண்டு நிமிஷம்."

"எதுக்குங்க?"

"இல்லேன்னா மருந்து மூக்கு வழியா தொண்டைக்கு இறங்கிடும். கண்ணுல நிக்காது."

"ரேடியோ, அப்படியே இரு. கையை எடுக்காதே." வக்கீலம்மாவின் குரல் தூரத்திலிருந்து வந்தது. நடைபாதையின் மறு கோடிக்குப் போய்விட்டிருந்தார்.

"யாராவது பாத்தா நான் தும்மலை அடக்கறேன்னு நெனைப்பாங்க."

"இல்லை. குடிச்சிட்டு மூக்கைப் பிடிச்சிருக்கேன்னு நெனைப்பாங்க."

ரேடியோ கண்ணைத் திறந்தான். தினம் சாயங்காலம். ஒரே வாய். இரண்டு நிமிஷம். காவலாளி பார்த்தது எதை என்று இப்போது அவனுக்கும் புரிந்துவிட்டது. அப்படியானால் டிரைவர் மருந்து போட்டுக்கொண்டதற்குச் சாட்சியே கிடைத்துவிட்டதே என்று துள்ளினான். வக்கீலம்மா துள்ளவில்லை.

"இந்த வியாதி இருக்கிறவங்க கம்பெனி கண் டெஸ்ட்ல மாட்ட மாட்டாங்களா?"

"அட்டையைப் படிக்கிற டெஸ்ட்தானே? ரொம்ப நாள் வரைக்கும் நல்லாவே படிப்பாங்க," என்றார் மருந்து அம்மாள். "வலிக்காது. சிவக்காது. பார்வை ஓரத்துலேருந்து அரிச்சுக்கிட்டே வரும். நேரா இருக்கிற எழுத்து தெரியும், பக்கத்துல வர்ற வண்டி தெரியாது. போன பார்வை திரும்பாது. இந்தச் சொட்டு மிச்சம் இருக்கிறதைக் காப்பாத்தும், அவ்வளவுதான். அதுக்கே தினம் போடணும். இந்த ஊர்ல பாதிப் பேர், டாக்டரைப் பாக்கிறதுக்கு முந்தின வாரம்தான் ஒழுங்காப் போடுறாங்க."

"போடுறவங்களைப் பாத்தா கண்டுபிடிக்க முடியுமா?"

"இந்த வகை மருந்துன்னா பல பேருக்கு இமை முடி நீளமா, கறுப்பா வளரும். பொண்ணுங்க சந்தோஷப்படுவாங்க." அவர் குப்பியை ஜன்னல் வழியாகத் திருப்பித் தந்தார். "யாரா இருந்தாலும் அவங்க கூடப்பிறந்தவங்களை, பிள்ளைங்களை ஒருதரம் இங்க வரச் சொல்லுங்க. குடும்பத்துல ஓடுற வியாதி. நாங்களும் ஒவ்வொருத்தர்கிட்டயும் சொல்றோம். யாரு கூட்டிட்டு வர்றாங்க?"

வக்கீலம்மா எழுதிக்கொண்டிருந்த பேனா நின்றது. பிறகு அந்த வரியின் கீழே ஒரு கோடு போட்டார்.

* * *

டிரைவரின் வீட்டில் கதவைத் திறந்தது அவர் மனைவி. யார் என்று கேட்கவில்லை. கேட்டுக் கேட்டு அலுத்துப்போன முகம். உள் அறையைக் காட்டிவிட்டுச் சமையலறைக்குப் போய்விட்டாள்.

கட்டிலில் உட்கார்ந்திருந்த மனிதருக்கு ஐம்பது வயது இருக்கும். பதினெட்டு நாளாகச் சவரம் செய்துகொள்ளவில்லை. வாசலைப் பார்த்தபடி இருந்தார். ரேடியோ சுவரோரமாகவே நகர்ந்து அவருடைய இடது தோளுக்குப் பக்கவாட்டில் போய் நின்றான். பைக் சாவியை எடுத்தான். சத்தமில்லாமல் அவரை நோக்கி எறிந்தான்.

டிரைவர் தலையைத் திருப்பவில்லை. இடது கை மட்டும் எழுந்து சாவியைப் பிடித்தது.

"கண்ணு தெரியுதான்னு பாத்தீங்களா தம்பி?" என்று கேட்டுவிட்டு, சாவியைக் கட்டில்மேல் வைத்தார்.

ரேடியோவுக்கு முகம் எரிந்தது. காலையிலிருந்து கட்டிய கோட்டை அத்தனையும் சரிந்துவிட்டது. அவர் இமை முடிகளைப் பார்த்தான். நரைத்து, உதிர்ந்து, எண்ணிவிடலாம் போல இருந்தன.

வக்கீலம்மா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"கூண்டுக்குள்ள ஹெல்மெட் போட்டுக்குவீங்களா?"

"கூண்டுக்குள்ள எதுக்கும்மா? தலைக்கு மேல கூரை இருக்கே."

"அப்போ தினம் சாயங்காலம் மடியில ஹெல்மெட்டை வச்சுக்கிட்டு உங்க சீட்டுல உக்காந்தவரு, கீழேருந்து ஏறி வந்தவரு." அவர் இரண்டு படங்களையும் கட்டில்மேல் வைத்தார். பழைய படத்தில் சாதாரண இமைகள். புதுப் படத்தில் மை தீட்டியதுபோல் அடர்ந்த இமைகள். "நீங்க நின்னுக்கிட்டு மருந்து போட்டு விட்டீங்க. குப்பி சிக்னல்காரரோடது."

டிரைவர் புதுப் படத்தை எடுத்துப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். பேய் அறைந்தவர் மாதிரி இருந்த முகம் மெல்ல உடைந்தது.

"தங்கச்சிகிட்ட சொல்லிட்டீங்களா?"

"இன்னும் இல்லை."

"சொல்லாதீங்கம்மா. காலைத் தொட்டுக் கேக்கறேன். கண்ணு தெரிஞ்ச மனுஷனாவே அவன் போகட்டும்."

"நாளைக்கு உங்களைக் குருடன்னு சொல்லி மனு கொடுக்கப் போறாங்க. ஜெயிலுக்குப் போவீங்க."

"போறேன்."

பிறகு அவராகவே சொன்னார். யாரிடமாவது சொல்லத்தான் காத்திருந்தார் போலும்.

"அவனுக்குக் கை நடுங்கும். தானாப் போட்டா கன்னத்துல வழியும். சிக்னல்காரனுக்கு இடது கண்ணு போயிடுச்சுன்னு தெரிஞ்சா யார்டுல வச்சிருப்பாங்களா? பொண்டாட்டிக்குத் தெரிஞ்சா அவளே வேலைக்கு அனுப்ப மாட்டா. அதான் மேல ஏறி வருவான். மருந்து சூடாகக் கூடாதுன்னு ஈரத்துணியில சுத்தி வச்சிருப்பேன். போட்டுட்டு ரெண்டு நிமிஷம் மூக்கோரத்தை அழுத்திக்கிட்டு உக்காந்திருப்பான். பேசிக்கிட்டே இருப்போம். பதினாலு மாசம், ஒரு நாள் விடலை."

"வேலிப் பக்கமாச் சுத்தினது?"

அவர் படத்தை மடியில் வைத்துக்கொண்டார்.

"இடது பக்கம் அவனுக்கு இருட்டும்மா. கிடங்குப் பக்கமா வந்தா பாரம் அந்த இருட்டுலேருந்து வரும். வேலிப் பக்கமா வந்தா நல்ல கண்ணுக்கு நேரா வரும். அதான் சுத்திக் கொண்டு வந்தேன்."

"அவர் கேட்டுக்கிட்டாரா?"

"அவனுக்குத் தெரியவே தெரியாது. சொன்னா ரோஷம் வந்துடும். 'பாருடா, இன்னும் எனக்கு எல்லாம் தெரியுது, ஒரு பாரம்கூடத் தப்பலை'ன்னு பெருமை பேசுவான். நானும் ஆமான்னு தலையாட்டுவேன்." அவர் அப்படியே தலையாட்டிக் காட்டினார். "தனக்குக் கண்ணு தெரியுதுன்னு அவனை நம்ப வச்சதே நான்தான்."

சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றுவிட்டிருந்தது.

"அன்னிக்கு மேனேஜர் கீழ நின்னாரு. வாக்கி-டாக்கியில கத்தறாரு, மூணாவது மெமோ கையில இருக்கு, நேரா வர்றியா இறங்கறியான்னு. ஒரே ஒரு பாரம்தானேன்னு நேராத் திருப்பினேன். ஹாரன் அடிச்சேன். அவன் பதினாலு மாசமா பாரம் வர்ற பக்கத்தைத்தானே பாப்பான்? வேலியைப் பாத்தான். அங்க ஒண்ணும் இல்லை. எங்கடா பாரம்னு தேடிக்கிட்டு ஒரு எட்டு பின்னால வச்சான்." அவர் தன் தலையில் கை வைத்துக் காட்டினார். "நான் சுத்தியே வராம இருந்திருந்தா அவன் பயந்துபோய் எப்பவோ வேலையை விட்டிருப்பான். தப்பு என்னுதுன்னு நான் சொன்னது பொய் இல்லைம்மா."

இந்த மனிதர் கேட்பதைக் கொடுத்துவிடலாம் என்றே ரேடியோவுக்குத் தோன்றியது. குப்பியைச் சாக்கடையில் போட்டுவிட்டு, எதுவும் கிடைக்கவில்லை என்று சொல்லிவிட்டால் யாருக்கு என்ன நஷ்டம்? கண்ணாலேயே வக்கீலம்மாவிடம் கெஞ்சினான்.

வக்கீலம்மா குறிப்பேட்டைத் திறந்து, கோடு போட்ட வரியைப் பார்த்தார்.

"ஆஸ்பத்திரியில குடும்பத்தையும் கூட்டிட்டு வரச் சொன்னாங்களா?"

"சொன்னாங்க. தம்பியைக் கூட்டிட்டுப் போகணும்னுதான் சொன்னான். போனா குட்டு உடைஞ்சிடும், அடுத்த வருஷம் பாத்துக்கலாம்னு..." டிரைவர் பாதியில் நின்றார். அவருடைய கை படத்தைவிட்டு நழுவியது. "ஐயோ."

"இப்பவும் ரகசியம் காப்பாத்தணுமா?" என்று கேட்டார் வக்கீலம்மா.

டிரைவர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

* * *

ஐந்து மணிக்கு இருவரும் வந்தார்கள். வக்கீலம்மா எதையும் பூசி மெழுகவில்லை. குப்பி யாருடையது, யார் போட்டுவிட்டது, பாரம் ஏன் சுற்றி வந்தது, ஏன் அன்றைக்கு நேராக வந்தது. அவள் குறுக்கே பேசாமல் கேட்டாள். முதலில் நம்பவில்லை. பிறகு இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். அதற்குப் பிறகு அவளிடம் வந்தது அழுகை இல்லை, கோபம்.

"பதினாலு மாசம் ரெண்டு ஆம்பளைங்களும் சேந்து என்னை முட்டாளாக்கியிருக்காங்க. எனக்கு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா? நான் என்ன, இவருக்குக் கண்ணு போச்சுன்னு தள்ளியா வச்சிருப்பேன்? சொட்டு மருந்து போட எனக்குக் கை இல்லையா?"

"அண்ணி, விடுங்க அண்ணி," என்றான் கொழுந்தன்.

அப்போதுதான் ரேடியோ அவனைச் சரியாகப் பார்த்தான். காலையில் சட்டை மட்டும் போட்டிருந்தவன், இப்போது அதன்மேல் மஞ்சள் மேலங்கி மாட்டியிருந்தான். கழுத்தில் ஒரு விசில். அதன் கூடவே புத்தம் புது அட்டை ஒன்று கயிற்றில் தொங்கியது.

"இது எப்போ கொடுத்தாங்க?" ரேடியோவின் குரல் அவனுக்கே அந்நியமாக இருந்தது.

"மத்தியானம்தாங்க. அண்ணன் இடத்துக்கு என்னையே போட்டுட்டாங்க. நாளை மறுநாள்லேருந்து நான்தான் சிக்னல்." அதைச் சொல்ல அவனுக்குக் கூச்சமாக இருந்தது. கொஞ்சம் பெருமையும் இருந்தது.

"கண் டெஸ்ட் பண்ணாங்களா?" வக்கீலம்மா எழுந்து நின்றார்.

"பண்ணாங்களே. அட்டையில கடைசி வரி வரைக்கும் படிச்சேன்."

"இங்க என் எதிர்ல வந்து உக்காருங்க. வலது கண்ணைக் கையால பொத்திக்கோங்க. இடது கண்ணால என் மூக்கையே பாக்கணும், அப்படி இப்படித் திரும்பக் கூடாது. பக்கத்துல என் விரல் ஆடுறது தெரிஞ்ச உடனே சொல்லணும்."

"சரிங்கம்மா." குழந்தை விளையாட்டுக்கு ஒத்துக்கொண்டதுபோல் லேசாகச் சிரித்துக்கொண்டு அவன் கண்ணைப் பொத்திக்கொண்டான்.

வக்கீலம்மா வலது கையை அவனுடைய இடது காதுக்கு வெளியே நீட்டி விரலை ஆட்டினார். கொஞ்சம் முன்னால் கொண்டுவந்தார். ஆட்டினார். இன்னும் உள்ளே கொண்டுவந்தார். ரேடியோ தன் ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு பார்த்தான். அந்த விரல் எப்போதோ தெரிந்திருக்கவேண்டும். விரல் கன்னத்துக்குப் பக்கத்தில் வந்து ஆடிக்கொண்டிருந்தது.

தம்பி அசையாமல் வக்கீலம்மாவின் மூக்கையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"ம், நான் ரெடி," என்றான். "ஆரம்பிங்கம்மா."

அவனுக்குப் பின்னால் நின்றிருந்த அண்ணி, ஆடும் விரலையும் பார்த்தாள், அவன் சிரித்த முகத்தையும் பார்த்தாள். கிட்டே வந்து, அட்டையையும் விசிலையும் சேர்த்துக் கயிறோடு அவன் தலைவழியாகக் கழற்றினாள்.

"என்ன அண்ணி?" அவன் கையை எடுத்துவிட்டுத் திரும்பினான். "டெஸ்ட் முடிஞ்சிடுச்சா?"

"இது குடும்பத்துல ஓடுற அதே வியாதின்னு நான் சொல்லலைம்மா," என்றார் வக்கீலம்மா. "ஆஸ்பத்திரியில பாத்துச் சொல்லட்டும். ஆனா நாளைக்கே பாக்கணும்."

அவள் மேஜைமேல் இருந்த மனுவை எடுத்து நாலாகக் கிழித்தாள். கிழித்ததை எங்கே போடுவது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள்.

"டிரைவருக்குப் போன் போடுங்க," என்றாள் ரேடியோவிடம். "மன்னிச்சுட்டேன்னு மட்டும் சொல்லிடாதீங்க. இவனைக் கூட்டிட்டுப் போக அந்த ஆஸ்பத்திரிக்கு வழி அவருக்குத்தான் தெரியும். மருந்து எப்படிப் போடணும்னும் அவருக்குத்தான் தெரியும். வந்து எனக்குச் சொல்லிக் கொடுக்கச் சொல்லுங்க."

ரேடியோ போனை எடுத்தான்.